திதியும் தேதியும்

தங்கையின் பேத்தி குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். பயிற்சி மையத்தில் தினமும் பத்துக் கேள்விகள் தருகிறார்களாம். அதில் முதல் கேள்வி எப்போதும் 'வரலாற்றில் இன்று'. நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே வாசலிலிருந்து குரல் வரும். "தாத்தா, ஜூன் பன்னெண்டு, என்ன விசேஷமுங்க?" எனக்கு உடனே தெரிந்துவிடும். மேட்டூர் அணையில் டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறக்க வேண்டிய வழக்கமான நாள். சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கும்போது ஒரு சின்னக் கூச்சம் வரும். விசைத்தறிக்காரன் தலைமயிரில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தேதிகள் என்மேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உதறினால் போவதில்லை.

காரணம், ஒரு காலத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்டவன் நான். 1979-லிருந்து 1990 வரை, ஏறத்தாழப் பதினோரு வருஷம், குமாரபாளையத்தில் ஒரு படிப்பக வாசலில் தினமும் ஒரு கேள்வி எழுதிப்போட்டேன். படிப்பகம் என்றால் ஓட்டு வீட்டுத் திண்ணை, இரண்டு பெஞ்சு, நான்கு தினசரிகள். சுவரில் சாய்த்து வைத்த கரும்பலகையில் இடது பக்கம் ஒரு குறள், வலது பக்கம் என் கேள்வி. விடையைச் சீட்டில் எழுதி, மூடியில் துளை போட்ட பால்பவுடர் டப்பாவில் போட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம், கூலி வாங்கிக்கொண்டு தறிக்காரர்கள் டீக்கடைப் பக்கம் வரும் நேரமாகப் பார்த்து, சரியான சீட்டுகளைக் குலுக்கி ஒன்றை எடுப்போம். பரிசு ஒரு துண்டு. ஒரு தறி முதலாளி வாரம் ஒன்று கொடுத்து வந்தார். ஓரத்தில் இழை விட்டுப்போய், கடைக்கு அனுப்ப முடியாத துண்டு. யாரும் குறை சொன்னதில்லை.

நான் அப்போது நூல் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கடை கொடுத்த டயரி ஒன்றில் வருஷத்தை அடித்துவிட்டு, நாளுக்கு ஒரு பக்கமாகச் சம்பவங்களைச் சேர்த்தேன். தினசரிகள், இயர் புக், நூலகத்தில் எங்கள் பக்கத்துக்காரர் பெ. தூரன் பதிப்பித்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள். எடுக்க எடுக்க வந்தது. பிப்ரவரி 29-க்குத் தனித்தாள் ஒட்டி, மொரார்ஜி தேசாய் (1896), ருக்மிணி தேவி அருண்டேல் (1904) என்று எழுதிவைத்தேன். என் பலகைக் காலத்தில் அந்தத் தாள் மூன்று தடவைதான் உபயோகப்பட்டது. வாட்டர்லூ, பிளாசி, ஜாலியன்வாலா பாக், ஹிரோஷிமா, சந்திரனில் கால் வைத்தது எல்லாம் அந்த டயரியில் பக்கத்துக்குப் பக்கம் வரிசையாக இருந்தன. எது பெரியது எது சிறியது என்ற பேதம் இல்லை. எதற்கும் ஒரு துண்டுதான்.

சாமர்த்தியம் காட்டும் வயது. ஒரு செப்டம்பர் 8 அன்று, "1752-ஆம் ஆண்டு இதே நாளில் லண்டனில் என்ன நடந்தது?" என்று எழுதினேன். டப்பா நிறைந்தது. தீ விபத்து, யுத்தம், ராஜா மரணம் என்று என்னென்னவோ. சரியான விடை, ஒன்றும் நடக்கவில்லை. பிரிட்டன் பழைய காலண்டரிலிருந்து புதியதற்கு மாறியபோது 1752 செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளை 14 என்று வைத்துக்கொண்டார்கள். 8 என்ற தேதியே வரவில்லை. சனிக்கிழமை இதை விளக்கிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் நின்ற பாவு பிணைக்கிறவர் ஒருவர் சாவகாசமாகக் கேட்டார்: "அப்ப அந்தப் பதினோரு நாள் கூலி யாருங்க குடுத்தது?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும். ஆனால் பதினோரு வருஷத்தில் அந்தத் திண்ணையில் கேட்கப்பட்ட ஒரே நிஜமான கேள்வி அதுதான் என்று இப்போது படுகிறது. என்னுடையவை கேள்விகள் அல்ல. விடையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்பது கேள்வியில் சேருமா? அவர் கேட்டதற்கு விடை அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. கவிதைக்கும் இந்த வித்தியாசம் பொருந்தும். முடிவைத் தெரிந்துவைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து அதை நோக்கி நம்மை ஓட்டிச் செல்லும் கவிதைகள் இருக்கின்றனவே, அவையும் பால்பவுடர் டப்பா வைத்திருப்பவைதான். கடைசி வரியில் துண்டு.

இதைப் படிக்கிற சிலருக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஒரு ஜனவரியில், "'எழுத்து' இதழ் எந்த ஆண்டு இந்த மாதத்தில் தொடங்கியது?" என்று எழுதினேன். 'கசடதபற' (அக்டோபர் 1970) அதற்குள் வந்தும் போயிருந்தது. சி.சு. செல்லப்பாவின் பெயரை அந்தத் தெருவில் உச்சரித்தால் ஏதோ செட்டியார் கடை என்றே நினைப்பார்கள். டப்பா காலியாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் காலியைப் பார்த்து உள்ளூரச் சந்தோஷப்படவும் தயாராக இருந்தேன். நம் போன்றவர்களுக்கு அந்த வியாதி உண்டு. திறந்தபோது ஒரே ஒரு சீட்டு. "1959" என்று மட்டும் எழுதியிருந்தது. பெயர் இல்லை. லேசாகச் சாய்ந்த பென்சில் எழுத்து. பெயர் இல்லாததால் துண்டை யாருக்குக் கொடுப்பது? அடுத்த வாரத்துக்கு வைத்துவிட்டோம். யார் என்று கடைசி வரை தெரியவில்லை. ஜனவரி இதழ் ஜூன் மாதத்தில் வந்து சேரும் பத்திரிகைகளைப் படித்துக்கொண்டு, இந்த ஊரில் நான் ஒருத்தன்தான் என்று திரிந்துகொண்டிருந்தபோது, இரைச்சலிட்ட ஏதோ ஒரு பட்டறையில் இன்னொருவன் இருந்திருக்கிறான். அந்தச் சீட்டு இன்னும் டயரிக்குள் இருக்கிறது.

*

பலகையைப் பற்றிய என் நம்பிக்கை முதலில் ஆட்டம் கண்டது 1982-இல். பாரதி நூற்றாண்டு. செப்டம்பர் 11 காலையில், "இன்று மறைந்த மகாகவி யார்? மறையும்போது அவருக்கு வயது என்ன?" என்று கொஞ்சம் பெரிய எழுத்திலேயே எழுதினேன். விடை எளிது. பாரதி, 1921, முப்பத்தெட்டு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பவானிப் பக்கமிருந்து பாலம் தாண்டித் தினமும் நடந்து வருவார். பலகை முன் நின்றார்.

"தம்பி, இதை நாளைக்கு எழுது."

"பதினொண்ணுதானுங்களே ஐயா?"

"ராத்திரி பன்னெண்டு தாண்டித்தான் போனார். உன் கணக்குல அது பன்னெண்டாந் தேதி. வீட்டுல இருந்தவங்க கணக்குல பதினொண்ணு. விடியற வரைக்கும் நேத்துத்தானே நமக்கு?"

அவர் சொன்னது சரி என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். சென்னை மாநகராட்சிப் பதிவில் 1921 செப்டம்பர் 12, அதிகாலை 1.30. ஆனாலும் 11 என்பதே நிலைத்தது. 2021-இல் நினைவு நூற்றாண்டின்போது அரசு 'மகாகவி நாள்' என்று அறிவித்ததும் செப்டம்பர் 11-ஐத்தான். இரண்டில் ஒன்று பொய் என்று சொல்லிவிட முடியவில்லை. ஒன்று கடிகாரத்தின் நாள். நள்ளிரவில், யாரும் பார்க்காதபோது, சத்தமில்லாமல் மாறுகிறது. இன்னொன்று சூரியனின் நாள். விடிந்தால்தான் மாறும். இறந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு விடியும்வரை நாள் முடிவதில்லை. என் பலகையில் ஒரு விடைக்குத்தான் இடம். அந்த வாரம் 'பாரதி' என்று எழுதியவர்களை எல்லாம் சேர்த்துக் குலுக்கினோம். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் பலகை முன் நிற்காமல் போய்விடுவார்.

'இதே நாளில்' என்ற சொற்சேர்க்கையை அன்றுதான் முதல்தடவையாக யோசித்துப் பார்த்தேன். எந்த 'இதே'? ஷேக்ஸ்பியரும் செர்வாண்டஸும் 1616 ஏப்ரல் 23 என்ற ஒரே தேதியில் போனதாக எல்லா இயர் புக்கும் சொல்லும். ஆனால் இங்கிலாந்து பழைய காலண்டரிலும் ஸ்பெயின் புதிய காலண்டரிலும் இருந்தன. தேதி ஒன்று, நாள் ஒன்றல்ல. நடுவில் பத்து நாள். ருஷ்யாவின் அக்டோபர் புரட்சியை உலகம் நவம்பர் 7-இல் கொண்டாடியது. இவையெல்லாம் தூரத்து விஷயங்கள் என்றால், நம் விஷயம் இன்னும் வேடிக்கை. மொழிவாரி மாநிலம் அமைந்தது 1956 நவம்பர் 1. தமிழ்நாடு என்று பெயர் மாற்றச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது 1967 ஜூலை 18. பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. 2019-இல் ஓர் அரசு நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாள் என்றது. 2021-இல் அடுத்த அரசு ஜூலை 18 என்றது. தமிழ்ப் புத்தாண்டை 2008-இல் ஒரு சட்டம் தை முதல் நாளுக்குக் கொண்டுபோக, 2011-இல் இன்னொரு சட்டம் சித்திரைக்கே திருப்பிக் கொண்டுவந்தது. பேத்தியின் கையேட்டில் இவற்றுக்கெல்லாம் ஒரே ஒரு சரியான விடை கொடுத்திருக்கிறார்கள். ஆட்சி மாறினால் கையேட்டைப் புதுப்பிப்பார்கள். என் டயரியின் முதல் பக்கத்தில் 'குமாரபாளையம், சேலம் மாவட்டம்' என்று இருக்கிறது. 1997 ஜனவரி 1 முதல் அது நாமக்கல் மாவட்டம். நான் இருந்த இடத்திலேயே இருக்கிறேன்.

தேதி என்ற சொல்லே திதியிலிருந்து வந்ததுதான் என்பார்கள். வந்த வழியை அது மறந்துவிட்டது. திதி சந்திரனோடு நகர்கிறது. இந்த வருஷம் ஒரு தேதியில் வரும், அடுத்த வருஷம் வேறொன்றில். நம் ஊரில் பிறந்தவனை நட்சத்திரத்தாலும், போனவனைத் திதியாலும் நினைக்கிறார்கள். இரண்டும் இங்கிலீஷ் மாதக் கட்டத்துக்குள் அகப்படாதவை. பழைய பாலத்தைத் தாண்டினால் பவானி கூடுதுறை. காவிரியும் பவானியும் சேரும் இடம், சங்கமேஸ்வரர் கோயில் படித்துறை. அங்கே புரோகிதர்கள் தினமும் கேட்கும் கேள்வியும் ஒன்று உண்டு. "என்ன திதி?" அதுவும் இன்றைய நாளைப் பற்றிய கேள்விதான். ஆனால் விடை கேட்கிறவரிடம் இல்லை. வந்தவன்தான் கொண்டுவர வேண்டும்.

ஆற்றுக்கும் ஒரு நாள் இருக்கிறது, ஆடி 18. சிவகாசியில் அடுத்த வருஷத்துத் தினசரிக் காலண்டர்களின் ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியிடுவதும் அதே ஆடிப்பெருக்கு அன்றுதான். தேதி கிழிக்கும் தாளெல்லாம் ஆற்றின் நாளில் பிறக்கிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம். தறிக்கும் நாள் உண்டு. அதற்கு மாதமும் கிடையாது வருஷமும் கிடையாது. பாவு இறங்கும் நாள், பாவு முடியும் நாள், சனிக்கிழமை. முன்பணம் வாங்கினவனுக்கு எல்லாச் சனிக்கிழமையும் ஒரே சனிக்கிழமை. அவனிடம் போய் வாட்டர்லூ எப்போது என்று கேட்டிருக்கிறேன். அவனும் சிரத்தையாகச் சீட்டு எழுதிப் போட்டிருக்கிறான். ஒரு துண்டு, அவன் நெய்த துண்டாகவே இருந்தாலும், காசில்லாமல் கிடைக்கிறதே என்பதற்காக.

*

அம்மாவின் பிறந்த தேதியை நான்தான் உண்டாக்கினேன்.

2000-இல் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதும்போது வயதைக் கேட்டார்கள். தேதி, மாதம், வருஷம் மூன்றும் வேண்டும். அம்மாவிடம் கேட்டேன். பேரன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கென்னடா தெரியும்? அணை தொறந்த வருசம், ஆடி கழிஞ்சு பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும்."

அணை என்றால் மேட்டூர். அதற்கு முன் எங்கள் கரையில் எல்லாக் கணக்கும் 1924 ஜூலை வெள்ளத்திலிருந்துதான். 'பெருவெள்ளத்துக்கு முந்தி', 'பெருவெள்ளத்துக்குப் பொறவு'. அதற்கடுத்த வருஷம் அணை வேலை ஆரம்பித்தது. ஒன்பது வருஷம் நடந்தது. 120 அடிக்குத் தண்ணீர் நிற்கும் அணை. 1934 ஆகஸ்ட் 21 அன்று கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லி திறந்துவைத்தார். தேக்கத்துக்கு அவர் பெயர். ஆகஸ்ட் 21 என்றால் ஆவணி பிறந்து ஐந்தாறு நாள். ஆடி கழிந்திருக்கிறது. டயரியைப் புரட்ட வேண்டிய அவசியம்கூட எனக்கு இல்லை. பேனாவை எடுத்து 21.8.1934 என்று எழுதினேன்.

எழுதும்போது ஒரு சின்னப் பெருமிதம் இருந்தது. தெருவில் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதிகள். என் அம்மாவுக்கு மட்டும் வரலாற்றில் இருக்கும் தேதி. அவளிடம் சொன்னேன்.

"அப்படியா? தொரை வந்த நாளா?" என்றாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "என்னமோ போடு" என்றாள்.

அந்தத் தேதி வாக்காளர் அட்டைக்குப் போயிற்று, ஆஸ்பத்திரிச் சீட்டுக்குப் போயிற்று, பிறகு ஆதாருக்கும். ஏதோ ஒரு ராத்திரியில், ஏதோ ஒரு குடிசையில், எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பிறந்த ஒரு பெண்ணின் நாளை எடுத்துவிட்டு, பந்தல் போட்டு வரவேற்கப்பட்ட ஒரு துரையின் நாளை நான் வைத்துவிட்டேன். 'ஆடி கழிஞ்சு' என்று அவள் அம்மா சொன்னதில் ஏதோ இருந்தது. பசி தீர்ந்ததோ, முதல் தண்ணீர் வந்ததோ, பிரசவத்துக்கு வந்து நின்ற யாரோ ஒருத்தியோ. அதைக் கேட்டிருக்கலாம். விடை தெரிந்தவனுக்குக் கேட்கத் தோன்றாது.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டு முன்கட்டில் குழித்தறி இருந்தது. அப்பா நெய்வார், அம்மா ராட்டையில் தார் சுற்றுவாள். ஊர் கைத்தறியிலிருந்து விசைத்தறிக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் அந்தக் குழியை மூடினோம். பழைய விசைத்தறி இரண்டு வாங்கிப் போட்டோம். குமாரபாளையத்தில் என் ஆயுளில் நடந்த ஆகப்பெரிய சம்பவம் எது என்று கேட்டால், தெருத்தெருவாகக் கைத்தறிச் சத்தம் நின்று விசைத்தறிச் சத்தம் வந்ததைத்தான் சொல்வேன். அதற்குத் தேதி இல்லை. வேட்டி, துண்டு, லுங்கி முதலிய ரகங்களைக் கைத்தறிக்கென்று ஒதுக்கிய சட்டத்துக்கு வருஷம் உண்டு, 1985. அது செல்லும் என்று உச்சநீதிமன்றம் சொன்னதற்கும் உண்டு, 1993. சுதேசி இயக்கம் 1905-இல் தொடங்கிய ஆகஸ்ட் 7-ஐத் தேசியக் கைத்தறி நாள் என்று 2015-இல் அறிவித்தார்கள். முதல் விழா சென்னையில் நடந்தது. பேத்தி இதைச் சரியாகச் சொல்லி மதிப்பெண் வாங்குவாள். அவள் பாயைப் போட்டுப் படிக்கிற இடத்துக்கு அடியில்தான் அந்தக் குழி இருக்கிறது.

குழியை மூடிய நாள் எனக்குத் தெரியவில்லை. வருஷம்கூட நிச்சயமில்லை. 80 ஆக இருக்கலாம், 82-ஆகவும் இருக்கலாம். அம்மாவைக் கேட்டபோது அவள் தயங்கவே இல்லை.

"உன் தங்கச்சிக்கு அம்மை போட்டிருந்துச்சு. வாசல்ல வேப்பிலை. மண்ணுக் கொட்டுனாத் தூசி பறக்குமேன்னு மூணு நாள் பொறுத்தோம். தலைக்குத் தண்ணி ஊத்துன மக்கா நாள் ரெண்டு வண்டி ஆத்து மணல் வந்துச்சு. உங்கப்பன் திண்ணையை விட்டு எந்திரிக்கவே இல்லை. மண்ணுக் கொட்டுறவங்களுக்கு நாந்தான் மோர் குடுத்தேன்."

"அப்ப நான் எங்கம்மா இருந்தேன்?"

"நீ எங்க இருந்த? பலகைக்கு எழுதப் போயிட்ட."

அவள் குறையாகச் சொல்லவில்லை. வேப்பிலை, மோர், மணல் என்று வரிசையாகச் சொல்லி வந்ததில் அதுவும் ஒன்று. அன்றைக்கு நான் எழுதிய கேள்வி டயரியில் எங்கேயோ இருக்கிறது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எல்லா நாளும் அதில் இருக்கிறது, வருஷத்தைத்தான் நானே அடித்துவிட்டேனே.

*

2018 ஆகஸ்ட்டில் மேட்டூர் நிறைந்து, ஏறத்தாழ 2 லட்சம் கன அடி தண்ணீர் இறங்கி வந்தது. கரையோர வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் ஜனங்களைத் தங்கவைத்திருந்தார்கள். கூடுதுறையில் படிகள் தண்ணீருக்கு அடியில் போயின. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. ஆனால் 18-ஆம் தேதி ராத்திரி கரண்டு போய்விட்டது. இந்த ஊரில் ராத்திரி என்பது தறிச் சத்தம். அது நின்றதும் குழந்தைகள் எழுந்து அழுதார்கள். இரண்டு மாதமாகப் படுக்கையில் இருந்த அம்மாவும் கண் திறந்தாள்.

"தறி நின்னுபோச்சா?"

"கரண்டு இல்லைம்மா."

கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். தூரத்தில் ஆற்றின் இரைச்சல் கேட்டது. சாதாரண நாளில் அது எங்கள் வீடுவரை கேட்காது. பிறகு தூங்கினாற்போல இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூச்சு நீண்டது, இடைவெளி விட்டது, மறுபடி வந்தது. ஒரு இடைவெளிக்கு அப்புறம் வரவில்லை.

கைபேசி பக்கத்திலேயே கிடந்தது. எடுத்து மணி பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நாற்பது வருஷம் தேதிகளோடு புழங்கியவன், ஒரே ஒரு தேதி தன் கைக்கு வந்தபோது பார்க்காமல் விட்டுவிட்டேன். வருத்தத்தோடு இதைச் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காக இருந்த நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

விடிந்ததும் எல்லோரும் கேட்டார்கள். தம்பி, "விடியறதுக்கு முன்னாடிதானே? அப்ப பதினெட்டுத்தான்" என்றான். பதிவுக்குப் போனபோது நான் 19 என்று கொடுத்தேன். எழுதிக்கொண்டவர் ஆதாரைப் பார்த்துக் கணக்குப் போட்டார். "எண்பத்து மூணு முடிஞ்சிருக்குங்க. இன்னும் ரெண்டே நாள் இருந்திருந்தா எண்பத்து நாலு" என்றார், நிஜமான அனுதாபத்தோடு. நான் போட்ட பொய்யிலிருந்து கழித்து எடுத்த இரண்டு நாள் அது. அதற்காக அவரோடு சேர்ந்து நானும் தலையை ஆட்டினேன்.

தண்ணீர் வடிந்தபின் கூடுதுறைக்குப் போனோம். புரோகிதர் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். "ராத்திரி எத்தனை மணிக்கு?" என்றார். அஷ்டமியா நவமியா என்று அவர் முடிவு செய்ய வேண்டும்.

"தெரியலைங்க. கரண்டு போனதுக்கு அப்புறம். கோழி கூவறதுக்கு முந்தி."

அவர் என்னைத் திருத்தவில்லை. விரல் விட்டு எண்ணினார். "பக்கத்துல யார் இருந்தது?" என்று கேட்டார். நான் என்றேன். "அப்பச் சரி. நவமின்னு வெச்சுக்கலாம்" என்றார். பக்கத்தில் இருந்ததற்கும் நவமிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு நாளைப் பற்றி யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. எனக்கு அந்தத் தமிழாசிரியர் நினைவுக்கு வந்தார். அந்தக் கரையிலிருந்துதான் அவர் நடந்து வருவார்.

இப்போது தம்பி வீட்டில் பதினெட்டாம் தேதி படத்துக்கு மாலை போடுகிறார்கள். சான்றிதழில் பத்தொன்பது இருக்கிறது. ஆவணி வளர்பிறை நவமி ஒவ்வொரு வருஷமும் எங்கெங்கோ நகர்ந்து வருகிறது. அதைத் தேடிக் கண்டுபிடித்துத்தான் ஆக வேண்டும், தானாக வந்து நிற்பதில்லை. மூன்றில் எது என்று கேட்டால் பலகையில் எழுதும்படியான விடை என்னிடம் இல்லை.

போன ஆகஸ்ட் 21 காலையில் வழக்கம்போல வாசலிலிருந்து குரல் வந்தது.

"தாத்தா, இன்னைக்கு மேட்டூர் அணை தொறந்த நாளுங்களா?"

"ஆமா."

"தொறந்த கவர்னர் ஸ்டான்லி?"

"ஆமா."

கொஞ்சநேரம் எழுதுகிற சத்தம். பிறகு, "பெரிய ஆயா பொறந்த நாளும் இன்னைக்குத்தானுங்களே? ஆதார்ல பார்த்தேன். ரெண்டும் ஒண்ணா வருதுன்னா மறக்காதுங்க, தாத்தா" என்றாள்.

சொல்லியிருக்கலாம். அவள் நோட்டைப் பிரித்து, பாயில் சப்பணம் போட்டு, அந்தக் குழிக்கு மேலேயே உட்கார்ந்திருந்தாள். ஆமாம் என்றேன்.